சட்டத்துக்குள் மிதக்கும் பலகை

சீனாவின் மிங் காலத்து மேசை, நாற்காலி, அலமாரிகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, ஓர் ஆணிகூட இல்லாமல் செய்தவை என்றுதான் வியக்கிறார்கள். அந்த வியப்பு அசல் சாதனையை மறைத்துவிடுகிறது என்பேன். ஆணியைத் தவிர்ப்பது அந்தத் தச்சர்களுக்கு ஒரு விரதமாக இருந்ததில்லை. தேவைப்பட்ட இடத்தில் மூங்கில் முளையும் மீன் பசையும் அவர்களுக்குக் கைகொடுத்தன. அவர்கள் தீர்த்த சிக்கல் வேறு. ரேகை அழகான அகலப் பலகையை வெடிக்கவிடாமல், கோணவிடாமல், பூச்சால் மூடாமல் தலைமுறை தலைமுறையாக நிலைக்கச் செய்வது எப்படி?

மரம் அறுபட்ட பிறகும் ஓய்வதில்லை. ஈரக் காற்றில் அகலத்தில் விரியும், வறண்ட குளிரில் சுருங்கும். நீளவாட்டத்தில் ஏறக்குறைய அசையவே அசையாது. நான்கு பக்கமும் இறுக்கிவிட்டால் சுருங்க வழியின்றிப் பலகை பிளந்துபோகும். ஆகவே நான்கு சட்டங்களைக் கூட்டி, அவற்றின் உட்பக்கத்தில் காடி எடுத்து, பலகையின் விளிம்பை நாக்காக இழைத்து அதற்குள் செருகினார்கள். சுற்றிலும் பசையிட்டு இறுக்கவில்லை. பலகையின் அடியில், புறாவால் வடிவக் காடியில் வழுக்கிச் செல்லும் குறுக்குக் கட்டை உண்டு. பலகையை அது கோணவிடாது, ஆனால் விரியவும் சுருங்கவும் விடும். சட்டத்தின் மூலையை 45 பாகையில் சாய்த்து வெட்டினார்கள். நேராகக் கூட்டினால் ஒரு சட்டத்தின் வெட்டுமுகம் முன்னே துருத்தித் தெரியும். அதில் ரேகை இராது, துளைகள் மட்டுமே இருக்கும். சாய்வெட்டு அதை மறைத்துவிடுவதால், ஒரு சட்டத்தின் ரேகை மூலையில் திரும்பி அடுத்த சட்டத்தில் ஓடுவதுபோல் கண்ணுக்குப் படும். ஒரு சட்டத்திலிருந்து அடுத்ததன் துளைக்குள் நுழையும் கழுந்தின் முனை சிலவற்றில் பக்கவாட்டில் தெரிவதுண்டு, மேல்முகத்தில் தெரியாது. பொருத்து ரேகைக்குப் பணி செய்தது என்று நான் சொல்வது இதைக் கொண்டுதான்.

இந்தச் சிறப்பு தச்சுத் திறமையால் வந்ததல்ல, வணிகத்தின் விளைவு என்று வாதிடலாம். 1567இல் மிங் அரசு கடல் வணிகத் தடையைத் தளர்த்தியது. தென்கிழக்காசியக் கடின மரங்கள் கப்பலேறி வந்தன. தன் இளமையில் காணாத உயர்ந்த மரச்சாமான்கள் இப்போது அரசு ஏவலர் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டன என்று சோங்ஜியாங் வட்டாரத்து ஃபான் லியான் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். மரம் வந்தது மெய். ஆனால் பொருத்து அதோடு கப்பலில் வரவில்லை. மிங் காலத்துக்கு வெகு முன்பே, 1108 வெள்ளத்தில் புதையுண்ட ஜூலு நகரிலிருந்து எடுத்த எளிய மேசையிலேயே சட்டக் கூட்டு இருக்கிறது. ரேகை ரசனையும் பழையதே. சாவ் ஜாவ் 1388இல் எழுதி, வாங் சுவோ 1459இல் விரித்த கலைப்பொருள் கையேடு, பேய்முகம் போன்ற ரேகை உள்ள ஹுவாலி மரத்தை விரும்பத்தக்கது என்றும், ரேகை முரடாகி நிறம் வெளிறியதைத் தாழ்ந்தது என்றும் தரம் பிரிக்கிறது. வணிகம் செய்ததெல்லாம் ஏற்கெனவே இருந்த கைத்திறனுக்கும் ரசனைக்கும் ஏற்ற மரத்தை ஏராளமாகக் கொண்டுவந்து சேர்த்ததுதான்.

பழைய முறையே போதுமென்றால் மிங் தச்சர் புதிதாக என்ன செய்தார் என்ற கேள்வி எஞ்சுகிறது. அவர் மரத்தைப் பூச்சால் மூடாமல் விட்டார். மரப்பால் அரக்குப் பூச்சுக்கு அடியில் துணி ஒட்டி இணைப்பின் குறைகளை மூடிவிடலாம். வெற்று மரத்தில் மயிரிழை இடைவெளியும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பொருத்தின் நுட்பம் கூடியது, பலகைத் தேர்வு தனிக் கலையானது. ஒரே மரத்தில் அடுத்தடுத்து அறுத்த இரு பலகைகளைப் புத்தகம்போல் விரித்து அலமாரியின் இரு கதவுகளில் வைத்தால், ஒன்றின் ரேகைக்கு மற்றது கண்ணாடி பிடிக்கும். இதற்கு மரத்தை அறுக்கும்போதே கதவை மனத்தில் கண்டிருக்க வேண்டும். இவற்றில் பயன்பட்ட ஹைனான் தீவின் ஹுவாங்ஹுவாலி மரம் நம் ஈட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது என்பதால், அதன் கருவரி ஓட்டம் எப்படியிருக்கும் என்பதை நம் ஊர்த் தச்சர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

குஸ்டாவ் எக்கே 1944இல் பீக்கிங்கில் வெளியிட்ட சீன மரச்சாமான் நூலின் அளவு வரைபடங்கள்தான் இந்த மறைந்த பொருத்துகளை உலகுக்குப் பிரித்துக் காட்டின. வாங் ஷிஷியாங் சேகரித்த 79 மரச்சாமான்கள் இன்று ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் மேற்பலகையை ரசித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். குனிந்து அடிப்பக்கக் குறுக்குக் கட்டையையும் பாருங்கள்.