கடிகை, துபாஷி, கோர்வை: காஞ்சிபுரத்தில் இரண்டு மொழிப் படிப்பு

சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பேருந்தில் வந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் பட்டுச்சேலை விளம்பரங்களுக்கு நடுவே பள்ளிக்கூட விளம்பரங்களும் வரிசையாக வரும். அவற்றில் பெயரில் 'இன்டர்நேஷனல்' இல்லாத பள்ளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். போன மாதம் அந்த வழியில் வரும்போது என் நண்பன் கேட்டான்: "இந்த இன்டர்நேஷனல் ஸ்கூல் எல்லாம் நம்ம ஊருக்கு எப்படா வந்துச்சு?"

"ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆச்சு" என்றேன். பேருந்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன். மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன்.

கர்நாடகத்தில் ஷிமோகா பக்கம் தாளகுந்தா என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு கல்தூணில், ஐந்தாம் நூற்றாண்டில் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு உள்ளது. மயூரசர்மன் என்ற பிராமண இளைஞன் தன் குரு வீரசர்மனோடு பல்லவர் தலைநகருக்குப் படிக்க வந்த கதை அதில் இருக்கிறது. அவன் வந்து சேர்ந்த இடம் காஞ்சியின் 'கடிகை'. அந்தக் காலத்து உயர்கல்விக் கூடம் என்று வைத்துக்கொள்ளலாம். வேதங்களை முழுமையாகக் கற்பதுதான் அவன் நோக்கம். ஆனால் படிப்பு முடியவில்லை. பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறு வந்தது, அவமானப்பட்டான், தர்ப்பை பிடித்த கையில் வாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பிறகு பல்லவ எல்லைக் காவலர்களை அடித்துக் காடுகளைப் பிடித்து வனவாசியில் கதம்ப அரசை நிறுவினான். நான்காம் நூற்றாண்டின் நடுவில் நடந்தது இது. வெளியூர் மாணவனுக்கும் உள்ளூர் அதிகாரத்துக்கும் வந்த ஒரு சண்டையில் ஒரு ராஜ்ஜியமே பிறந்தது! (நம் கல்லூரிச் சண்டைகள் அதிகபட்சம் சஸ்பென்ஷனோடு முடிந்துவிடுகின்றன.)

வெளியிலிருந்து வந்தவன் அவன் ஒருவன் மட்டுமல்ல. ஏழாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 640 வாக்கில், சீன யாத்திரிகர் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். நூறு பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதியிருக்கிறார். நாளந்தாவின் தலைவராக இருந்த தர்மபாலர் பிறந்தது காஞ்சியில்தான். அந்தத் தர்மபாலரின் மாணவர் சீலபத்திரர், சீலபத்திரரின் மாணவர் யுவான் சுவாங். அதாவது யுவான் சுவாங் தன் ஆசிரியருக்கு ஆசிரியர் பிறந்த ஊரைப் பார்த்திருக்கிறார்.

கடிகை சும்மா பாடம் சொல்லும் இடமாகவும் இருக்கவில்லை. எட்டாம் நூற்றாண்டில் பல்லவ வம்சத்தின் நேர் வாரிசு அற்றுப்போனபோது இரண்டாம் நந்திவர்மனைத் தேடிக் கொண்டுவந்தவர்களில் 'கடிகையாரும்' உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்றுச் சுவரில் அந்தக் கதை சிற்பமாகவும் எழுத்தாகவும் இருக்கிறது. நாங்கள் பள்ளியில் சுற்றுலா போனபோது அந்தச் சுவர் முன்னால் நின்று புளியோதரை சாப்பிட்டோம். அது என்ன சுவர் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, இதில் இரண்டு மொழி எங்கே வந்தது?

காஞ்சிக்குப் பக்கத்தில் கூரம் என்ற கிராமம். முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொடுத்த செப்பேடு அங்கே கிடைத்தது. அதன் முதல் பாதி சமஸ்கிருதம், கிரந்த எழுத்தில். அடுத்தது தமிழ். சமஸ்கிருதத்தில் அரசனின் வம்சமும் போர் வெற்றியும் வருகின்றன. தமிழ்ப் பகுதிக்கு வந்தால் நிலம், ஏரி, பாலாற்றிலிருந்து வெட்டிய கால்வாய், யாருக்கு எத்தனை பங்கு. மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். புகழ் ஒரு மொழியில், வேலை இன்னொரு மொழியில். இரண்டையும் வைத்துக்கொள்வதில் பல்லவனுக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. ஆனால் புகழ் மொழியைக் கற்றுக்கொடுத்த கடிகையின் வாசலில் எல்லோரும் நுழைய முடியவில்லை. வேலூர்ப்பாளையம் செப்பேடே அதை இருபிறப்பாளரின் கடிகை என்றுதான் சொல்கிறது. கால்வாய் வெட்டியவனின் பிள்ளைக்கு அங்கே என்ன இடம்?

இங்கிருந்து நேராக ஆயிரம் ஆண்டு தாண்டுகிறேன். நடுவில் சோழர்களும் விஜயநகரமும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் புகழ் மொழி மாறிவிட்டது. சென்னையில் கம்பெனிக்காரர்களோடு வியாபாரம் பேசத் தெரிந்தவனுக்குத்தான் காலம். அவனுக்குப் பெயர் துபாஷி. த்விபாஷி, இரண்டு மொழிக்காரன் என்பதே மருவித் துபாஷி ஆனது. யோசித்துப் பாருங்கள், இரண்டு மொழி தெரிந்திருப்பதே ஓர் உத்தியோகத்தின் பெயராக இருந்திருக்கிறது!

அந்தத் துபாஷிகளில் பெரிய பெயர் நம் காஞ்சிபுரத்தோடு சேர்ந்த பச்சையப்ப முதலியார். 1754-ல் பிறந்தார். பிறக்கும் முன்பே தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் பூச்சியம்மாள். சென்னையில் நாராயண பிள்ளை என்ற துபாஷியின் ஆதரவில் வளர்ந்து, கம்பெனி வட்டாரத்தில் தொழில் கற்று, நாற்பது வயதுக்குள் பெரும் பணக்காரர் ஆனார். 1794-ல் இறந்தும்விட்டார். இறக்கும் முன் உயில் எழுதினார். பலருக்குத் தெரியாத செய்தி, அந்த உயிலில் அவர் முக்கியமாக நினைத்தது பள்ளிக்கூடத்தை அல்ல, கோயில் தருமங்களையும் அன்னதானத்தையும்தான். சொத்து கைமாறி, வழக்காகி, நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் கிடந்தது. அந்தக் காலத்தில் வட்டி சேர்ந்து பணம் பெருகிவிட்டது. தருமங்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியதைக் கல்விக்குச் செலவிடலாம் என்று முடிவானது. அரசாங்கத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதில் முன்னின்றவர். 1842 ஜனவரி 1-ந் தேதி சென்னை பிராட்வேயில் பச்சையப்பன் பள்ளி திறந்தது. ஏழை இந்துப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஆங்கிலமும் அறிவியலும், கூடவே தமிழ் அல்லது தெலுங்கு. பெருநகரத்தில் இருமொழிப் பள்ளி என்று இன்றைய விளம்பரங்கள் சொல்வது இதைத்தானே? வித்தியாசம், அங்கே கட்டணம் கிடையாது. பிறகு அதே அறக்கட்டளை காஞ்சிபுரத்திலும் பள்ளி நடத்தியது. துபாஷியின் பணத்தில் பிள்ளைகள் இரண்டு மொழி படித்தார்கள். இதைவிடப் பொருத்தம் வேறு வேண்டுமா?

ஆனால் 'இந்துப் பிள்ளைகளுக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். பச்சையப்பன் கல்லூரியில் மற்ற மதத்தவர் சேர 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதே காலத்தில் இன்னொரு வாசலும் இருந்தது. ஸ்காட்லாந்து பாதிரியார் ஜான் ஆண்டர்சன் 1837-ல் சென்னையில் பள்ளி தொடங்கினார், காஞ்சிபுரத்திலும் கிளை வைத்தார். ஆண்டர்சன் பள்ளி என்ற பெயர் இன்றும் நம் ஊரில் இருக்கிறது. சென்னைப் பள்ளியில் 1838-ல் இரண்டு தலித் சிறுவர்கள் சேர்ந்தபோது, அவர்களை நீக்கச் சொல்லி மேல்சாதிப் பெற்றோர் கேட்டார்கள். அவர் மறுத்தார். பல மாணவர்கள் விலகிப் போனார்கள். ஆங்கிலம் எல்லோருக்கும் வேண்டியிருந்தது, பக்கத்து இருக்கையில் யார் என்பதுதான் சண்டை. அவருடைய நோக்கம் மதமாற்றம் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. இருந்தாலும் அந்த இரண்டு சிறுவர்களுக்கு அன்றைக்குத் திறந்திருந்தது அந்த வாசல்.

காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளியில் படித்தவர்களில் எல்லோருக்கும் தெரிந்தவர் அண்ணா. நெசவாளர் குடும்பம். பணமில்லாமல் படிப்பை நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்திருக்கிறார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. ஆனர்ஸ். தமிழில் அவர் மேடை எப்படி என்று சொல்லவே வேண்டாம். 1962-ல் மாநிலங்களவைக்குப் போய் ஆங்கிலத்தில் பேசியதும் அவர்தான். 1968 ஜனவரி 23-ல் சட்டமன்றத்தில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று இருமொழிக் கொள்கைத் தீர்மானம் கொண்டுவந்த முதலமைச்சர், அவரே அப்படி ஒரு பள்ளியில் உருவானவர். கொள்கையைப் பற்றி உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கும்போது இதையும் பாருங்கள்.

இனி வாசலுக்கு வெளியே நின்றவர்கள். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அந்தக் கோர்வை போட மூன்று நாடா வேண்டும். நெய்பவர் ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. மறுபக்கக் கரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து நாடாவைத் திருப்பித் தள்ள வேண்டும். அந்த ஆள் பல தலைமுறைகளாகப் பல வீடுகளில் ஒரு குழந்தை. சொந்த வீட்டுத் தறியில் அம்மா அப்பாவுக்காக, இல்லையென்றால் வாங்கிய முன்பணத்துக்காக அடுத்தவர் தறியில். 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டம்கூடக் குடும்பத்தாரை வைத்துச் செய்யும் தொழிலுக்கு விலக்கு கொடுத்தது. நெசவு என்பதே வீட்டுக்குள் நடக்கிற தொழில்! 2016 திருத்தத்திலும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதில் வேடிக்கை, அந்தக் குழந்தைகளில் பலர் பிறந்ததிலிருந்தே இருமொழிக்காரர்கள். பத்மசாலியர் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். சௌராஷ்டிரர் வீட்டில் சௌராஷ்டிரம். எந்தப் பள்ளியும் கற்றுக்கொடுக்காமல் வந்த இரண்டு மொழி. அதற்கு யாரும் விளம்பரப் பலகை வைப்பதில்லை.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு தறிக்கு உட்கார்ந்தவர். தமிழில் கையெழுத்துப் போடுவார், தெலுங்கு பேசுவார், எழுத வராது. அவருடைய பேத்தி காலை ஏழரைக்கு மஞ்சள் வேனில் ஓர் இன்டர்நேஷனல் பள்ளிக்குப் போகிறாள். சாயங்காலம் திண்ணையில் அவள் ஆங்கிலப் பாட்டு ஒப்பிக்க, இவர் தலையாட்டிக்கொண்டே கேட்பார். முடிந்ததும் தெலுங்கில் ஏதோ கேட்பார். அவள் தமிழில் பதில் சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுவாள்.