மண்ணுக்கு வார்த்த முதற்பால்

மாடு கன்று ஈன்றால் வீட்டிலே மகிழ்ச்சி! முதல் இரண்டு மூன்று நாள் கறக்கும் சீம்பாலுக்கு அண்டை வீட்டார் கிண்ணமும் கையுமாய் வருவர். கருப்பட்டி கலந்து, ஏலம் தூவி, ஆவியிலே வேகவைத்து, உண்டு உளங்குளிர்வர். அதே வீட்டிலே மருமகள் மகவு ஈன்றால்? அவள் மார்பிலே மஞ்சள் நிறமாய்ச் சுரக்கும் சீம்பாலைப் பிழிந்து மண்ணிலே விடு என்பாள் மாமி. “கெட்ட பால், பிள்ளைக்கு ஆகாது” என்பது தீர்ப்பு. கன்றின் பங்கைக் கவர்ந்துண்ட கூட்டம், தன் குலக்கொழுந்தின் பங்கை மண்ணுக்கு வார்த்தது!

பிள்ளையின் நாவிலோ சர்க்கரை நீர், தேன், கழுதைப் பால். நற்குணமுடைய பெரியவர் ஒருவர் சேனை தொட்டு வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு ஒட்டுமாம். குணம் சர்க்கரையிலே கரைந்து வருமெனில், நம்மைப் போன்ற பள்ளி ஆசிரியர்க்கு வேலை ஏது?

பாட்டியைப் பழித்துப் பயனில்லை. ஏட்டறிந்தோர் சொன்னதைத்தான் எழுத்தறியாத அவளும் செய்தாள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோம் நகரில் மருத்துவம் செய்த சொரானசு, தாயின் பால் இருபது நாள் வரை தீது, முதலில் தேன் தருக என்று எழுதினார். பிறந்ததும் தாய்ப்பால் தருக என்ற தமாசுதிசு என்பாரை அவர் கண்டிக்கவும் தவறவில்லை. இங்கே சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி நூல், பால் சுரக்க மூன்று நான்கு நாள் ஆகும் எனக் கூறி, அதுவரை தேனும் நெய்யும் தரச் சொல்கிறது. அதற்கு மந்திரமும் உண்டு! கடல் கடந்த இரு நாட்டறிஞரும் ஒரே பிழையைச் செய்தது எங்ஙனம்? கண்டனர்: கெட்டியாய், மஞ்சளாய், சிறிதளவாய் இருந்தது. தீதென முடிவு கட்டினர். கொடுத்துப் பார்த்தோமா என்று கேட்டாரில்லை.

கேள்வி எழுந்தது 1748இல். இலண்டனில், கைவிடப்பட்ட குழந்தைகளின் காப்பகத்தை நடத்தியோர்க்கு வில்லியம் கேடகன் என்னும் மருத்துவர் ஒரு கட்டுரை வரைந்தார். பிறந்த பிள்ளையின் வாயிலே வெண்ணெயும் சர்க்கரையும் திணிக்கும் வழக்கத்தைச் சாடினார். செல்வர் வீட்டுப் பிள்ளை திணிப்பினால் நலிய, கந்தலன்றி வேறில்லா ஏழைத்தாயின் பிள்ளை அவள் பாலுண்டு தழைப்பதைச் சுட்டினார். அந்த முதற்பாலே குடலைக் கழுவிக் கருமலத்தை வெளியேற்றும் என்றார்.

காரணத்தின் ஒரு பகுதியைக் காட்டியவர் செருமானிய அறிஞர் பால் எர்லிக். குன்றிமணியின் நஞ்சையும் ஆமணக்கு விதையின் நஞ்சையும் சிறுகச் சிறுகக் கொடுத்து, பெண் எலிகளை அந்நஞ்சு தாக்காதவாறு செய்தார். பின்னர்க் குட்டிகளை மாற்றிவிட்டார். காப்புப் பெற்ற எலியிடம் பாலுண்ட அயலாள் குட்டி நஞ்சைத் தாங்கிற்று! பால் உணவு மட்டுமன்று, கவசமும் ஆகும் என 1892இல் அவர் வெளியிட்டார். மனிதத் தாயின் சீம்பாலிலே அக்கவசப் பொருள் செறிந்திருக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. மஞ்சள் நிறம் அழுகலின் அடையாளமன்று. கேரட்டுக்கு நிறந்தரும் பொருளின் இனத்தைச் சேர்ந்தது. அளவு சிறிதென்பதும் குறையன்று, முதல் நாள் பிள்ளையின் இரைப்பையே சிறிதுதான். ஆனால் தேனோ, ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு நரம்பைத் தாக்கும் நச்சுக் கிருமியைக் கொண்டுவரக் கூடும்.

கானா நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கண்ட ஆய்வு 2006இல் வெளிவந்தது. பிறந்த ஒரு மணிக்குள் எல்லார்க்கும் தாய்ப்பால் தொடங்கினால், முதல் மாதச் சாவுகளில் நூற்றுக்கு 22ஐத் தவிர்க்கலாம் என அது கணித்தது.

நம் நாட்டுக் கணக்கு யாது? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 88க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனையிலே நிகழ்ந்தன. ஆயினும் முதல் மணிக்குள் பாலருந்திய குழந்தைகள் நூற்றுக்கு 41.8 மட்டுமே, 2015–16இல் 41.6. பாட்டியின் திண்ணையிலிருந்து பேறு மருத்துவமனைக்குப் போய்விட்டது. அறுவைப் பேறு என்றால், தாய் தேறட்டும் என்று பிள்ளையை வெளியே தருவோரும் உளர். வெளியே பாலாடையும் சர்க்கரை நீருமாய்ப் பாட்டி நிற்கிறாள். வெள்ளையுடை அணிந்தோர் அவளைக் கடந்து செல்கின்றனர். அவளோடு அரைநாழிகை அமர்ந்து பேசியவர் எத்தனை பேர்?