தேர்விலிருந்து தேடலுக்கு

தேர்வுக் காலம் வந்துவிட்டால், எழுதுகோலை ஆசீர்வதித்துத் தருமாறு கேட்டு மாணவர்கள் பங்கு இல்லத்திற்கு வருவது வழக்கம். படித்த வினாக்களே வரவேண்டும், மதிப்பெண் குறையலாகாது என்பதே அவர்களது மன்றாட்டு. அதை நான் குறைகூற மாட்டேன். ஆயினும், அவர்களை வழியனுப்பிய பின் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு என் நினைவுக்கு வரும். அப்பெரும் நிறுவனமும் தேர்வு நடத்தும் அமைப்பாகவே பிறந்தது.

1839ஆம் ஆண்டில் சென்னை மாகாண மக்கள் ஏறத்தாழ 70,000 பேர் கையொப்பமிட்டு, உயர்கல்விக்கு வழிசெய்யுமாறு ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் விண்ணப்பித்தனர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1857 செப்டம்பர் 5ஆம் நாள் பல்கலைக்கழகம் சட்டப்படி உருவாயிற்று. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அதற்குக் கற்பிக்கும் பொறுப்பு இருக்கவில்லை. கற்பித்தவை கல்லூரிகள், தேர்வு வைத்துப் பட்டம் வழங்கியது பல்கலைக்கழகம். இவ்வாறே அரை நூற்றாண்டு கழிந்தது.

1904ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் கற்பிக்கவும் ஆராயவும் வாயில் திறந்தது. 1914இல் இந்திய வரலாற்றுத் துறை தோன்றியது. பின்னாளில் அத்துறையில் பேராசிரியராயிருந்த நீலகண்ட சாஸ்திரியார், சோழர் வரலாற்றைக் கல்வெட்டுகளிலிருந்து திரட்டி எழுதினார்.

தமிழுக்கும் அப்பல்கலைக்கழகம் அருந்தொண்டு ஆற்றியுள்ளது. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை இயற்றி அகராதிக் கலைக்குப் புதுவழி காட்டினார். அவ்வழியில் எழுந்த பெருமுயற்சியே பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1913இல் சாண்ட்லர் என்னும் அமெரிக்க மறைப்பணியாளரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கிய பணி, 1936இல் வையாபுரிப் பிள்ளையின் காலத்தில் ஆறு தொகுதிகளாக நிறைவுற்றது. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களுக்காக இருபத்துமூன்று ஆண்டுகள் உழைத்தனர்!

அறிவியலில் இதற்கிணையான சான்று ஜி. என். இராமச்சந்திரன். முப்பது வயது நிறையுமுன்னரே, 1952இல் இயற்பியல் துறைத் தலைவராக அவர் சென்னைக்கு வந்தார். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை எக்ஸ் கதிர்களின் துணையால் ஆராய்ந்தார். மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு அது என்று 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து அறிவித்தார். அடுத்த ஆண்டே, அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியவை என்று தம் முடிவைத் தாமே திருத்தினார். 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடம், புரத அமைப்புகளைச் சரிபார்க்க இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

இங்கேதான் தேர்வும் தேடலும் வேறுபடுகின்றன. தேர்வில் விடை முன்னரே ஒருவருக்குத் தெரியும்; நம் பிழையைப் பிறர் திருத்துவர். தேடலில் விடை எவருக்கும் தெரியாது; நம் பிழையை முதலில் நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னதற்கு நினைவாற்றல் போதும். பின்னதற்குத் தாழ்ச்சி வேண்டும்.

மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகத்திடம் நாம் எதைக் கேட்கிறோம்? தேர்வு முடிவு எப்போது வரும் என்பதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், அதுவும் முடிவுகளை மட்டுமே தந்துகொண்டிருக்கும். அரை நூற்றாண்டு தேர்வு மட்டும் நடத்திய நிறுவனம் தேடலுக்குத் திரும்ப முடிந்தது என்றால், நம் இல்லங்களும் திரும்ப முடியும்.

எழுதுகோலை ஆசீர்வதித்துத் திருப்பித் தரும்போது இப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறேன்: “நீ படித்ததில் இன்னும் உனக்கு விளங்காதது எது?” பலர் திகைக்கின்றனர். ஓரிருவர் மறுவாரம் பதிலோடு வருகின்றனர்.