செஞ்சுருள் சங்கம்

கல்லூரி மாணவரே சக மாணவருக்கு எச்.ஐ.வி. தடுப்பு, பால்வினை நோய், தன்னார்வ ரத்ததானம் பற்றி எடுத்துரைக்கும் அமைப்பு. தமிழ்நாட்டில் இதை வழிநடத்துவது, 1994-இல் தொடங்கப்பட்ட மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம்.

ஆசிரியரிடம் கேட்கக் கூசும் ஐயத்தை இச்சங்கத்தில் வகுப்புத் தோழரிடம் கேட்கலாம். பெயரில்லாச் சீட்டில் எழுதியும் போடலாம். மாணவரே மாணவருக்கு எடுத்துரைக்கும் முறையின் பெரும்பலம் இதுவே. ஆணுறை, மாதவிடாய், கருத்தடை என எதுவும் இங்கே விலக்கப்பட்ட பேச்சன்று.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இச்சங்கம் நாகர்கோவில் கல்லூரிகளில் இயங்குகிறது. பயிற்சி பெற்ற மாணவர் நோயைக் கணிப்பதில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களிலுள்ள எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையங்களுக்கு வழிகாட்டுவார். அங்கே பரிசோதனை இலவசம். முடிவின் ரகசியத்தை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் காக்கிறது. உதவி எண்: 1097.