இரு கோப்பைகளும் ஒரு தண்டனையும்

கால்பந்து வரலாற்றில் கோல் அடித்தவர்களையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். தடுத்தவர்களை எளிதில் மறந்துவிடுகிறோம். மியோட்ராக் பெலோடெடிச் அவ்வாறு மறக்கத்தகாதவர். ருமேனியாவில், அன்றைய யுகோஸ்லாவிய எல்லையை ஒட்டிய சோகோல் கிராமத்தில் 1964இல் செர்பியக் குடும்பமொன்றில் பிறந்தவர். ராணுவத்தின் அணியான ஸ்டெயாவா புகாரெஸ்ட் 1986இல் செவில்லா நகரில் பார்சிலோனாவை வென்று ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றபோது, அதன் தற்காப்பு அரணில் நின்றவர்.

1988இல் யுகோஸ்லாவியாவுக்குச் சென்றவர் திரும்பவில்லை. சௌசெஸ்கு அரசு, அவர் இல்லாமலே விசாரித்து, தேசத்துரோகத்துக்காகப் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவரோ பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியில் சேர்ந்தார். 1991இல் பாரி நகரில் மார்சேய் அணிக்கு எதிரான இறுதியாட்டம் பெனால்டியில் முடிந்தது. தம் உதையைக் கோலாக்கி அதே கோப்பையை இரண்டாம் முறை ஏந்தினார்.

1989இன் புரட்சியில் அரசு வீழ்ந்தது. தண்டனையும் பின்னர் நீங்கியது. நாடு அவரை மீண்டும் அழைத்தது. 1994 உலகக் கோப்பைக் காலிறுதியில், ஸ்வீடனுக்கு எதிரான ருமேனியாவின் கடைசிப் பெனால்டி அவருடையது. கோல்கீப்பர் ரவெல்லி தடுத்துவிட்டார், ருமேனியா வெளியேறியது.

அரசு வேறு, நாடு வேறு. துரோகி என்று தீர்ப்பெழுதியது அரசு. தோல்வியின் பாரத்தை அவர் சுமந்தது நாட்டுக்காக. இரு வெற்றிகளைவிட அந்தத் தோல்வியே அவரை நமக்கு நெருக்கமாக்குகிறது.