கஹுனாவுக்குள் ஹுனா இல்லை

ஹவாயித் தீவுகளின் பழங்குடி ஞானிகள் காத்துவந்த இரகசிய வித்தைக்கு ‘ஹுனா’ என்று பெயராம். அதைக் காத்தவர் என்பதால்தான் அந்த ஞானிக்குக் ‘கஹுனா’ என்ற பெயர் வந்ததாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இப்படிச் சொல்லிப் புத்தகங்கள் விற்கின்றன, பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. இந்தக் கதையின் அடித்தளம் ஒரே ஒரு சொற்பிரிப்பு. அந்தப் பிரிப்பு நிற்குமா என்று பார்த்தாலே கதை நிற்குமா என்பது தெரிந்துவிடும்.

நம் நன்னூல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று இரண்டாக வகுக்கிறது. பிரிக்கக்கூடாத சொல்லைப் பிரித்தால் கிடைப்பது பொருள் அல்ல என்பது தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் தெரியும். கஹுனா ஒரு பகாப்பதம். அதற்குச் சான்று ஹவாயி மொழிக்கு வெளியே, அதன் உடன்பிறந்த பாலினீசிய மொழிகளில் இருக்கிறது.

இந்த மொழிகளுக்கிடையே ஒலிகள் ஒழுங்காக மாறுகின்றன. மற்ற மொழிகளின் ‘த’ ஹவாயியில் ‘க’ ஆகும். ‘ஃப’ என்பது ‘ஹ’ ஆகும். ‘ங’ என்பது ‘ன’ ஆகும். நியூசிலாந்தின் மாவோரி மொழியில் மனிதன் ‘தங்ஙத்த’, ஹவாயியில் ‘கனக்க’. சமோவாவில் வீடு ‘ஃபலே’, ஹவாயியில் ‘ஹலே’. விலக்கப்பட்டது என்ற பொருளுள்ள ‘தப்பு’ ஹவாயியில் ‘கப்பு’. இதே வழியில்தான் கஹுனாவும் வந்தது. தொங்காவிலும் சமோவாவிலும் அது ‘துஃபுஙா’, மாவோரியில் ‘தொஹுஙா’, தாஹித்தியில் ‘தாஹுஅ’. முதல் உயிர் மட்டும் கிளைக்குக் கிளை மாறியிருக்கிறது. மற்றபடி எல்லாம் ஒரே சொல்.

இனி, மறைத்தல் என்ற பொருளுள்ள ‘ஹுனா’வைப் பாருங்கள். அது மாவோரியிலும் ‘ஹுனா’தான், அதே பொருளில். அதில் இருப்பது ‘ன’. தொஹுஙாவில் இருப்பது ‘ங’. மாவோரி மொழி இந்த இரண்டு ஒலிகளையும் இன்றுவரை தனித்தனியாக வைத்திருக்கிறது. ஹவாயியில் மட்டும் இரண்டும் கலந்து ஒரே ‘ன’ ஆகிவிட்டதால், தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள் உறவுக்காரர்போலத் தோன்றுகின்றன. கஹுனாவுக்குள் ஹுனா ஒருநாளும் இருந்ததில்லை. என் பார்வையில் இந்தக் கேள்வி இந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

அப்படியானால் கஹுனா யார்? சமோவாவில் துஃபுஙா என்பவர் வீடு கட்டும் தச்சர், பச்சை குத்தும் கலைஞர். தமிழில் ஒரே வேரிலிருந்து மரவேலை செய்யும் ஆசாரியும் மறை ஓதும் ஆச்சாரியரும் வந்ததைப்போல, பாலினீசியாவிலும் கைவினைஞரையும் பூசாரியையும் ஒரே சொல் சுட்டியது. ஹவாயியில் தோணி செதுக்குபவர் ‘கஹுனா காலை வஅ’. மூலிகை மருத்துவர் ‘கஹுனா லப்பஅவ்’. வழிபாடு நடத்துபவர் ‘கஹுனா புலே’. 1820இல் கிறித்தவ ஊழியர்கள் வந்தபின் பாதிரியாருக்கும் அந்தப் பெயரே வழங்கியது. ஏவல் வைப்பவர் ‘கஹுனா அனாஅனா’. அவரைக் கண்டு மக்கள் அஞ்சினார்கள். எந்தத் துறை என்று சொல்லாமல் வெறும் கஹுனா என்றால் ‘வல்லுநர்’ என்பதற்கு மேல் எதுவும் விளங்காது. அந்த வல்லமை பல ஆண்டுகள் குருவின் அருகிலிருந்து பழகிக் கைவருவது.

ஹுனாவை ஒரு தத்துவத்தின் பெயராக்கியவர் மேக்ஸ் ஃப்ரீடம் லாங். 1890இல் கொலராடோவில் பிறந்த அமெரிக்கர். 1917இல் ஆசிரியர் வேலைக்காக ஹவாயிக்குப் போனார். கஹுனாக்களைப் பற்றி விசாரித்தார். யாரும் அவருக்கு எதையும் சொல்லித்தரவில்லை. இதை அவரே எழுதியிருக்கிறார். 1931இல் தீவுகளைவிட்டுப் போனார். சில ஆண்டுகளுக்குப்பின் கலிபோர்னியாவில் ஓர் இரவு விழித்தபோது, கஹுனாக்களின் இரகசியம் ஹவாயிச் சொற்களுக்குள்ளேயே ஒளிந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. லாரின் ஆண்ட்ரூஸ் 1865இல் வெளியிட்ட அகராதியை எடுத்துவைத்துச் சொற்களைத் துண்டுதுண்டாக்கிப் பொருள் சொல்லத் தொடங்கினார். 1936இல் முதல் நூல் வந்தது. 1945இல் ஹுனா சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அற்புதங்களுக்குப் பின்னாலுள்ள இரகசிய அறிவியல் என்று பொருள்படும் தலைப்பில் 1948இல் வந்த நூல்தான் அவரைப் பரவலாக அறியச் செய்தது.

தமக்கு ஆதாரமாக லாங் காட்டியது ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் வில்லியம் பிரிகமை. பிரிகம் 1926இல் இறந்துவிட்டார். கஹுனாக்களைப் பற்றி அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அந்த ஆய்வைத் தம்மிடம் ஒப்படைத்தார் என்பது லாங் சொன்ன கதை. மக்கானா ரிஸ்ஸர் சாய் என்ற ஆய்வாளர் பிரிகமின் எழுத்துகளைத் தேடிப் படித்து, 2011இல் ஹவாயி வரலாற்று ஆய்விதழில் கட்டுரை எழுதினார். லாங்கின் கதையை உறுதிசெய்யும் சான்று எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

லாங் செய்த பொருள்மாற்றங்களில் எனக்குப் பொறுக்க முடியாதது மூன்று சொற்களுக்கு நேர்ந்த கதி. ‘அவ்மக்குவா’ என்பது ஹவாயிக் குடும்பத்தின் குலதெய்வம். இறந்த முன்னோர் சுறாவாக, ஆந்தையாக, வேறு உயிராக வந்து வம்சத்தைக் காப்பதாக நம்பிக்கை. அந்த உயிரை அந்தக் குடும்பம் துன்புறுத்தாது. ‘உனிஹிப்பிலி’ என்பது இறந்தவரின் எலும்பையோ முடியையோ வீட்டில் பேணி, படைத்து, துணைக்கு அழைக்கும் ஆவி. ‘உஹனே’ என்பது உயிர், ஆவி. லாங் இவற்றை எடுத்து உயர் மனம், ஆழ்மனம், நடுமனம் என்று ஒவ்வொரு தனிமனிதருக்குள்ளும் அடுக்கிவிட்டார். அவர் காலத்து மேலைநாட்டு உளவியலும் புதுச்சிந்தனை இயக்கங்களும் பேசிய மூன்றடுக்கு மனத்துக்கு ஹவாயிப் பெயர்கள் கிடைத்தன. வம்சத்துக்குச் சொந்தமான தெய்வம், வம்சமே இல்லாத ஒரு வாசகரின் சொந்த மனமாகிவிட்டது.

ஹவாயியரின் அறிவு அகராதிக்குள் ஒளிந்து கிடக்கவில்லை. டேவிட் மாலோவும் சாமுவேல் கமாகவும் 19ஆம் நூற்றாண்டிலேயே தங்கள் மக்களின் கோயில்களையும் கஹுனாக்களையும் வைத்திய முறைகளையும் தாய்மொழியில் விரிவாக எழுதிவைத்தார்கள். கமாகவ் எழுதியது செய்தித்தாள்களில், ஊரறிய. 1834 முதல் 1948 வரை நூற்றுக்கும் மேற்பட்ட ஹவாயி மொழிப் பத்திரிகைகள் வந்திருக்கின்றன. ஹுனா என்ற தத்துவத்தை மாலோவும் கமாகவும் சொல்லவே இல்லை. 1893இல் ஹவாயி அரசியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. பிள்ளைகள் தாத்தாவின் பத்திரிகையைப் படிக்கும் திறனை இழந்தார்கள். அந்த இழப்பின் இடைவெளியில்தான் வெளியூர்க்காரர் ஒருவரால் ‘உங்கள் இரகசியத்தை நானே மீட்டேன்’ என்று சொல்ல முடிந்தது.

ஹவாயித் தீவுகளில் லாங் ஆசிரியராக இருந்த பெரிய தீவிலேயே, கவு பகுதியில், 1895இல் பிறந்தவர் மேரி கவேனா புக்குய். பாட்டியிடம் வளர்ந்து பழைய வழக்கங்களை நேரில் கற்றவர். பிரிகம் இயக்குநராயிருந்த அதே அருங்காட்சியகத்தில் பின்னாளில் பல்லாண்டு பணியாற்றினார். சாமுவேல் எல்பர்ட்டுடன் 1957இல் அவர் வெளியிட்ட அகராதிதான் இன்றும் ஹவாயி மொழிக்கு அடிப்படை. ஹவாயியைப் பற்றித் தெரிந்துகொள்ள யாரைக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது.

புக்குய் பதிவுசெய்த ஒரு வழக்கம்தான் ஹோஓபோனோபோனோ. தமிழ் யூடியூபில்கூட இப்போது கேட்கும் பெயர் இது. ‘போனோ’ என்றால் முறையானது, சரியானது. ஹோஓபோனோபோனோ என்றால் சீராக்குவது. குடும்பத்தில் மனக்கசப்பு வந்தால் பெரியவர் ஒருவர் எல்லோரையும் கூட்டி உட்காரவைப்பார். கூட்டம் வழிபாட்டோடு தொடங்கும். சிக்கலைச் சொல்லி, ஒவ்வோர் அடுக்காக அவிழ்ப்பார்கள். சூடேறினால் சற்று மௌனம் காப்பார்கள். தவறு செய்தவர் ஒப்புக்கொள்வார், பாதிக்கப்பட்டவர் அவரை விடுவிப்பார். ‘மிஹி’ என்பது வருந்தி மன்னிப்புக் கேட்பது. ‘கலா’ என்பது இருபுறமும் கட்டவிழ்ப்பது. முடிவில் சேர்ந்து உண்பார்கள்.

மோர்னா சிமியோனா என்ற ஹவாயிப் பெண்மணி 1970களில் இதைத் தனிமனிதருக்கான பயிற்சியாக மாற்றினார். அதில் லாங்கின் மூன்றடுக்கு மனமும் உண்டு. தம் மரபைப் புதிதாக வளர்க்கும் உரிமை அவருக்கு இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அவருடைய மாணவர் ஹியூ லென், ஜோ விட்டாலி என்ற எழுத்தாளருடன் சேர்ந்து 2007இல் எழுதிய நூலுக்குப்பின் உலகமெங்கும் பரவியது, அன்பையும் வருத்தத்தையும் மன்னிப்பையும் நன்றியையும் சொல்லும் நான்கு வாக்கியங்களை ஒருவர் தனக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லும் முறை. எதிரே உட்கார்ந்து குற்றத்தைக் கேட்க ஆள் இல்லை. விடுவிக்கவும் ஆள் இல்லை. அதைச் சொல்வதால் சிலருக்கு மனம் இலேசாகலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. அதைப் பழங்கால ஹவாயி வழக்கம் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

இந்தப் பயிற்சிகளைத் தமிழில் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். லாங்கின் போதனையை லாங்கின் பெயரிலும், சிமியோனாவின் முறையைச் சிமியோனாவின் பெயரிலும் சொல்லுங்கள். ஹவாயியரின் வழக்கத்தை அறிய விரும்பினால், புக்குய் தம் துணை ஆசிரியர்களுடன் 1972இல் வெளியிட்ட ‘நானா இ கே குமு’ என்ற நூலை முதலில் படியுங்கள்.