ஒரே ராத்திரியில் பக்கம் மாறிய நாடு

ஸ்வீடன் என்றதும் பலருக்கு நோபல் பரிசும் வால்வோ காரும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த நாட்டில் 1967 வரை இந்தியாவைப் போலவே வண்டிகள் சாலையின் இடப்பக்கம்தான் ஓடின என்பது அவ்வளவாகப் பேசப்படாத விஷயம்.

பக்கத்து நாடுகளான நார்வே, பின்லாந்து, டென்மார்க் எல்லாமே வலப்பக்கம். எல்லையைத் தாண்டியதும் அதுவரை பழகியதை அப்படியே தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். இது போதாதென்று இன்னொரு கூத்து. பெரும்பாலான ஸ்வீடன் கார்களில் ஸ்டியரிங்கும் இடப்பக்கம்தான்! அதாவது ஓட்டுகிறவர் சாலையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமானால், காரைப் பாதி வெளியே நீட்டிய பிறகுதான் எதிரே வண்டி வருகிறதா என்றே தெரியும். குறுகலான சாலைகளில் இது உயிரோடு விளையாடுகிற வேலை.

அப்படியானால் மக்கள் மாற்றத்தை ஆவலோடு வரவேற்றிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1955-ல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 83 சதவீதம் பேர் 'வேண்டவே வேண்டாம்' என்றார்கள். ஆனால் கார்கள் பெருகிக்கொண்டே போனதால், 1963-ல் பாராளுமன்றம் அந்தத் தீர்ப்பை ஓரங்கட்டிவிட்டு மாற்றத்துக்குச் சம்மதித்தது. ஜனநாயகக் கணக்கில் இது இடிக்கத்தான் செய்கிறது. சாலைக் கணக்கில் சரியான முடிவு.

குறித்த நாள் 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. 'டாகன் ஹெச்' என்று பெயர். வலது என்பதற்கான ஸ்வீடிஷ் சொல்லின் முதல் எழுத்து அந்த ஹெச். பால் பாக்கெட்டிலிருந்து உள்ளாடை வரை அந்த எழுத்தை அச்சடித்தார்கள். பாட்டுப் போட்டி கூட வைத்தார்கள்! புதிய சைகைப் பலகைகளை முன்கூட்டியே நட்டு, கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடி வைத்தார்கள். அன்று இரவு ஒரு மணியிலிருந்து அவசியமில்லாத வண்டிகளுக்குத் தடை. விடியற்காலை 4.50-க்குச் சாலையில் இருந்த வண்டிகள் எல்லாம் நின்றன, மெல்ல வலப்பக்கம் நகர்ந்தன, மறுபடி நின்றன. 5 மணிக்கு மீண்டும் புறப்பட்டன. அவ்வளவுதான்!

செலவு சும்மாவா? சுமார் 60 கோடி குரோனர். பேருந்துகளுக்குக் கதவு வலப்பக்கம் வேண்டுமே! சிலவற்றை மாற்றினார்கள், புதிதாகவும் வாங்கினார்கள். பழையவற்றில் சில, இடப்பக்கம் ஓட்டும் பாகிஸ்தானுக்கும் கென்யாவுக்கும் போய்ச் சேர்ந்தன. ஸ்டாக்ஹோம் நகரத்துக்குள் ஓடிய டிராம்களுக்கோ ஒரேயடியாக மூடுவிழா.

எல்லோரும் பயந்தது விபத்துகளுக்குத்தான். நடந்ததோ நேர்மாறு. மறுநாள் திங்கட்கிழமை நாடு முழுவதும் பதிவான விபத்துகள் 125. வழக்கமான திங்கட்கிழமைகளை விடக் குறைவு, அதில் ஒரு உயிர்ச்சேதமும் இல்லை. புதுப் பக்கம் என்ற பயத்தில் ஒவ்வொருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள். வாகனக் காப்பீட்டுக் கோரிக்கைகள் கூட 40 சதவீதம் இறங்கின. ஆறே வாரத்தில் கை பழகிவிட்டது, கோரிக்கைகள் பழைய அளவுக்கே ஏறிவிட்டன. 1969-க்குள் விபத்துச் சாவுகளும் பழைய எண்ணிக்கையைத் தொட்டுவிட்டன.